தாமஸ் வில்லிஸ்

தாமஸ் வில்லிஸ் (ஜனவரி 27, 1621 – நவம்பர் 11, 1675) இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவரும் உடற்கூற்றியலாளரும் ஆவார். மூளை, நரம்புகள், மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் தமனிகள் ஆகியவற்றைப் பற்றிய இவரது ஆய்வுகள் நரம்பியல் என்னும் துறைக்கு அடித்தளம் இட்டன. நரம்பியலைக் குறிக்கும் நியூராலஜி என்ற சொல்லையும் இவரே உருவாக்கினார். மண்டையோட்டின் அடித்தளத்தில், மூளைக்குக் கீழே அமைந்துள்ள தமனி வளையம் இவர் பெயரால் வில்லிஸ் வளையம் என்று அழைக்கப்படுகிறது.

இவ்வளையத்தை முதன்முதலில் கண்டவர் வில்லிஸ் அல்லர். இவருக்கு முன்பே இத்தாலி, செருமனி, சுவிட்சர்லாந்து நாட்டு உடற்கூற்றியலாளர்கள் சிலர் அதனைப் பகுதியாகவோ முழுமையாகவோ விவரித்துள்ளனர். ஆயினும் அவ்வளையம் எதற்காக அமைந்துள்ளது என்ற வினாவை எழுப்பி, சோதனையின் மூலமும் ஒரு நோயாளியின் உடலை ஆராய்ந்தும் விடை கண்டவர் வில்லிஸ் ஆவார். 1664 ஆம் ஆண்டில் வெளியான இவரது நூலில் அதன் முழுமையான படமும் இடம்பெற்றது.

இளமையும் கல்வியும்

வில்லிஸ் இங்கிலாந்தின் வில்ட்சயர் மாவட்டத்திலுள்ள கிரேட் பெட்வின் என்ற ஊரில் பிறந்தார். தந்தையின் பெயரும் தாமஸ் வில்லிஸ் என்பதே. பின்னர் இவரது குடும்பம் ஆக்ஸ்போர்டு நகருக்கு அருகிலுள்ள நார்த் ஹிங்சி என்ற சிற்றூரில் வாழ்ந்து வேளாண்மை செய்தது. வில்லிஸ் சிறுவனாக இருந்தபோதே தாயார் காலமானார்.

ஆக்ஸ்போர்டில் பள்ளிக் கல்வி முடித்த வில்லிஸ், அங்குள்ள கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் சேர்ந்தார். வசதி குறைந்த மாணவர்கள் பலரைப் போல இவரும் கல்லூரித் திருச்சபைக் குரு ஒருவரின் வீட்டில் பணிவிடை செய்துகொண்டு படித்தார். அவ்வீட்டுத் தலைவி மருந்துகள் தயாரிப்பதில் தேர்ச்சி உடையவர். அவருக்கு உதவியாக இருந்தபோதே வில்லிஸுக்கு மருத்துவத்தில் நாட்டம் ஏற்பட்டதாகக் கூறப்படுகிறது. 1639 இல் இளங்கலைப் பட்டமும் 1642 இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். சமயக் குருவாக வேண்டும் என்பதே தொடக்கத்தில் இவரது நோக்கமாக இருந்தது.

உள்நாட்டுப் போர்க் காலம்

1642 ஆம் ஆண்டில் மன்னர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்திற்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. மன்னர் ஆக்ஸ்போர்டைத் தமது தலைமையிடமாகக் கொண்டார். கல்லூரிக் கட்டடங்கள் படைவீரர் தங்கும் இடங்களாயின. நகரில் கூட்டம் மிகுந்ததால் கொள்ளைக் காய்ச்சல் பரவியது. 1643 இல் வில்லிஸின் தந்தையும் அக்காலக் காய்ச்சலுக்குப் பலியானார். அவ்வாண்டில் படைகளிடையே பரவிய காய்ச்சலின் போக்கை வில்லிஸ் பின்னர் தமது நூலில் விரிவாகப் பதிவு செய்தார். தொற்றுக்காய்ச்சல் பற்றிய தொடக்ககால விவரிப்புகளுள் அதுவும் ஒன்றாகக் கருதப்படுகிறது.

வில்லிஸ் மன்னரின் தரப்பில் தொண்டர் படையில் சேர்ந்து பணியாற்றினார். 1646 இல் ஆக்ஸ்போர்டு நாடாளுமன்றப் படையிடம் சரணடைந்தது. அதே ஆண்டின் இறுதியில் வில்லிஸுக்கு மருத்துவ இளங்கலைப் பட்டம் வழங்கப்பட்டது. போரின் காரணமாக முறையான மருத்துவக் கல்வியை இவர் மிகக் குறைந்த காலமே பெற்றார். பண்டைய கிரேக்க மருத்துவர் காலன் எழுதிய நூல்களை ஆண்டுக்கணக்கில் மனனம் செய்யும் மரபில் முழுமையாக வளராததால், கண்ணால் கண்டதை நம்பும் பழக்கம் இவருக்கு எளிதில் வாய்த்தது என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் கருதுகின்றனர்.

தொடக்கத்தில் இவருக்கு நோயாளிகள் மிகக் குறைவு. ஆக்ஸ்போர்டைச் சுற்றியுள்ள சந்தை ஊர்களுக்குச் சென்று, மக்கள் புட்டிகளில் கொண்டுவரும் சிறுநீரைப் பார்த்து நோயைக் கூறும் தொழிலைச் செய்தார். ஆபிங்டன் சந்தைக்கு இவர் தவறாது செல்வது வழக்கம். நண்பர் ஒருவருடன் சேர்ந்து ஒரே குதிரையைப் பகிர்ந்துகொண்டார். 1650 முதல் 1652 வரை இவர் எழுதிவைத்த நோயாளிக் குறிப்பேடு இன்றும் கிடைக்கிறது. அது 1981 ஆம் ஆண்டில் நூலாகப் பதிப்பிக்கப்பட்டது.

நாடாளுமன்ற ஆட்சியில் ஆங்கிலிக்கத் திருச்சபையின் வழிபாட்டு முறை தடை செய்யப்பட்டிருந்தது. ஆயினும் வில்லிஸ் தமது இருப்பிடத்தில் அவ்வழிபாடு நடைபெற இடமளித்தார். 1657 இல் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் முன்னாள் தலைவர் சாமுவேல் ஃபெல் என்பவரின் மகள் மேரியை மணந்தார். இவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளில் பலர் சிறு வயதிலேயே இறந்தனர்.

ஆன் கிரீன் உயிர் பிழைத்த நிகழ்வு

வில்லிஸின் பெயர் வெளியுலகிற்குத் தெரியவந்தது 1650 ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்வினால் ஆகும். ஆன் கிரீன் என்ற பணிப்பெண், தாம் பெற்ற குழந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு, டிசம்பர் 14 அன்று ஆக்ஸ்போர்டில் தூக்கிலிடப்பட்டார். ஏறத்தாழ அரை மணி நேரம் தூக்கில் தொங்கிய அவரது உடல், உடற்கூறு ஆய்வுக்காகப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் விரிவுரையாளர் வில்லியம் பெட்டியின் இருப்பிடத்திற்குக் கொண்டுவரப்பட்டது. சவப்பெட்டியைத் திறந்தபோது மூச்சொலி கேட்டது.

அறுத்து ஆய்வதற்காகக் கூடியிருந்த பெட்டி, வில்லிஸ் முதலானோர் உடனே சிகிச்சையில் இறங்கினர். கைகால்களைத் தேய்த்துச் சூடேற்றியும், சிறிது சிறிதாகப் பானம் புகட்டியும், அக்கால வழக்கப்படி குருதி வடித்தும் சிகிச்சை அளித்தனர். படுக்கையில் உடற்சூடு கிடைப்பதற்காக மற்றொரு பெண்ணை அவருடன் படுக்கவைத்தனர். ஆன் கிரீன் சில நாட்களில் பேசவும் உண்ணவும் தொடங்கினார். குழந்தை குறைப்பிரசவத்தில் இறந்தே பிறந்திருக்கும் என்று மருத்துவர்கள் வாதிட்டனர். அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. பின்னர் அவர் திருமணம் செய்துகொண்டு பிள்ளைகளும் பெற்றார்.

ஆக்ஸ்போர்டு அறிவியல் வட்டம்

1650 களில் ஆக்ஸ்போர்டில் சோதனை முறை அறிவியலில் ஆர்வம் கொண்ட ஒரு குழு உருவானது. ஜான் வில்கின்ஸ், ராபர்ட் பாயில், கிறிஸ்டோபர் ரென், வில்லியம் பெட்டி ஆகியோருடன் வில்லிஸும் அக்குழுவில் இருந்தார். பிற்காலத்தில் புகழ்பெற்ற ராபர்ட் ஹூக், மாணவராக இருந்த காலத்தில் வில்லிஸின் வேதியியல் சோதனைகளுக்கு உதவியாளராக இருந்தார். அதன் பின்னரே அவர் பாயிலிடம் பணிக்குச் சென்றார். இக்குழுவினரில் பலர் 1660 இல் லண்டனில் தொடங்கப்பட்ட ராயல் கழகத்தில் பங்கு கொண்டனர். வில்லிஸும் அதன் தொடக்ககால உறுப்பினர்களுள் ஒருவராவார்.

நொதித்தல், காய்ச்சல், சிறுநீர் ஆகியவை பற்றிய வில்லிஸின் முதல் நூல் 1659 இல் வெளியானது. 1660 இல் மன்னராட்சி மீண்டது. போர்க்காலத்தில் மன்னரின் பக்கம் நின்ற வில்லிஸ் அவ்வாண்டே ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் இயற்கை மெய்யியலுக்கான செட்லியன் பேராசிரியர் பதவியைப் பெற்றார். இவரது விரிவுரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தவர்களுள் மெய்யியலாளர் ஜான் லாக்கும் ஒருவர். விரிவுரைகளுக்காக மூளையைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய வில்லிஸ், பழைய நூல்கள் கூறுவதில் நிறைவடையாமல் தாமே அறுத்துப் பார்க்க முடிவு செய்தார்.

மூளையின் உடற்கூறு நூல்

வில்லிஸின் முதன்மை நூலான செரிப்ரி அனட்டோமே (மூளையின் உடற்கூறு) 1664 ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் லண்டனில் வெளியானது. இது தனியொருவரின் உழைப்பில் உருவான நூல் அன்று. அறுவைப் பணியின் பெரும்பகுதியைச் செய்தவர் வில்லிஸின் மாணவரும் உதவியாளருமான ரிச்சர்டு லோவர். பிற்காலத்தில் லண்டன் புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென், மூளையின் படங்களை வரைந்தார். மருத்துவர் தாமஸ் மில்லிங்டன் ஆய்வு முடிவுகளை விவாதித்துச் சீராக்க உதவினார். இம்மூவருக்கும் வில்லிஸ் நூலின் முன்னுரையில் நன்றி கூறியுள்ளார்.

இந்நூலின் சிறப்புக்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, அறுக்கும் முறை. அதுவரை பெரும்பாலோர் மண்டையோட்டின் மேற்பகுதியை நீக்கிவிட்டு, மூளையை அதன் இடத்திலேயே வைத்து மேலிருந்து கீழாகச் சீவிக்கொண்டே சென்றனர். அடிப்பகுதியை அடைவதற்குள் மென்மையான மூளை சிதைந்துவிடும். அங்குள்ள நுண்ணிய தமனிகளும் நரம்புகளும் அறுந்துவிடும். வில்லிஸும் லோவரும் மூளை முழுவதையும் வெளியே எடுத்து, தலைகீழாக வைத்து, அடிப்பகுதியிலிருந்து ஆராய்ந்தனர். இதனாலேயே தமனி வளையம் சிதையாமல் முழுமையாகத் தெரிந்தது.

இரண்டாவது, நிறநீர் செலுத்தும் முறை. ரென் 1656 வாக்கில் நாய்களின் சிரைகளில் நீர்மங்களைச் செலுத்திச் சோதனை செய்திருந்தார். அதே முறையில் பீச்சுகுழல் மூலம் தமனிக்குள் நிறநீரைச் செலுத்தி, அது எங்கெங்கு பரவுகிறது என்று பார்த்தனர்.

மூன்றாவது, ஒப்பீட்டு முறை. மனித மூளையுடன் ஆடு, மாடு, குதிரை, பறவை, மீன் ஆகியவற்றின் மூளைகளையும் ஒப்பிட்டனர். மனித மூளையில் மடிப்புகள் மிகுதி என்பதையும், சிறுமூளை எல்லா விலங்குகளிலும் ஏறத்தாழ ஒத்திருக்கிறது என்பதையும் வில்லிஸ் சுட்டிக்காட்டினார்.

வில்லிஸ் வளையம்

அமைப்பு

மூளைக்கு நான்கு பெரிய தமனிகள் குருதி கொண்டு செல்கின்றன. அவற்றுள் இரண்டு உட்கழுத்துத் தமனிகள் (கரோட்டிட் தமனிகள்) ஆகும். இவை கழுத்தின் முன்பக்கத்தில் இருபுறமும் மேலேறி, கழுத்தில் எந்தக் கிளையும் விடாமல், மண்டையோட்டின் அடித்தளத்தில் பொட்டெலும்பில் உள்ள வளைந்த கால்வாய் வழியாக உள்ளே நுழைகின்றன. மற்ற இரண்டு முள்ளெலும்புத் தமனிகள். இவை கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக ஏறி, முதல் கழுத்தெலும்பின் மேல் பின்னோக்கி வளைந்து, மண்டையோட்டின் பெருந்துளை வழியாக உள்ளே செல்கின்றன. அங்கு இரண்டும் ஒன்றுசேர்ந்து அடித்தமனி என்னும் ஒரே தமனியாகின்றன.

முன்பக்கத்தில் வரும் இரண்டு வழிகளையும் பின்பக்கத்தில் வரும் இணைந்த வழியையும் மெல்லிய இணைப்புத் தமனிகள் ஒன்றோடொன்று சேர்க்கின்றன. முன் இணைப்புத் தமனி ஒன்று வலப்புறத்தையும் இடப்புறத்தையும் இணைக்கிறது. பின் இணைப்புத் தமனிகள் இரண்டு முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கின்றன. இவ்வாறு உருவாகும் வளையம் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தையும் பிட்யூட்டரி சுரப்பியின் காம்பையும் சூழ்ந்து அமைகிறது. இணைப்புத் தமனிகள் சில மில்லிமீட்டர் அளவே குறுக்களவு கொண்ட சிறிய குழாய்கள்.

நகரின் குடிநீர்க் குழாய் அமைப்பை இதற்கு ஒப்பிடலாம். பல திசைகளிலிருந்து வரும் குழாய்கள் ஒரு வட்டக் குழாயில் சேர்ந்து, அதிலிருந்து தெருக்களுக்குப் பிரியும்போது, ஒரு குழாய் உடைந்தாலும் மற்ற குழாய்கள் வழியாக நீர் கிடைக்கும். நான்கு தமனிகளிலும் அழுத்தம் சமமாக இருக்கும்போது இணைப்புத் தமனிகளில் குருதி மிகக் குறைவாகவே ஓடுகிறது. ஒரு பக்கத்தில் அழுத்தம் குறைந்தால் மறுபக்கத்திலிருந்து அங்கு குருதி பாய்கிறது.

முன்னோடிகள்

காலன் தாம் அறுத்துப் பார்த்த மாடு, ஆடு போன்ற விலங்குகளின் மண்டையோட்டு அடித்தளத்தில் நுண்தமனிகளால் ஆன ஒரு வலைப்பின்னலைக் கண்டார். அதிசய வலை எனப் பொருள்படும் பெயரால் அழைக்கப்பட்ட அது மனிதரிடமும் இருப்பதாக ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நம்பப்பட்டது. 1520 களில் இத்தாலியரான பெரங்காரியோ தா கார்ப்பி அவ்வலையை மனிதரிடம் காண இயலவில்லை என்று எழுதினார். ஆந்திரேயாஸ் வெசாலியஸ் தாமே முதலில் அதனைப் படமாக வரைந்திருந்தும், 1543 இல் வெளியான தமது பெருநூலில் அது மனிதரிடம் இல்லை என்று அறிவித்தார்.

அவ்வலை இல்லை என்றால் அங்கு இருப்பது என்ன என்ற கேள்விக்கு விடை படிப்படியாகவே கிடைத்தது. 1561 இல் கபிரியேலே ஃபலோப்பியோ தமனிகளின் இணைப்பை விவரித்தார். 1627 இல் வெளியான கியூலியோ காசேரியின் படத்தில் வளையம் பாதியளவு தெரிந்தது. 1647 இல் யோகான் வெஸ்லிங் அடுத்த படத்தை வெளியிட்டார். 1658 இல் சுவிட்சர்லாந்தின் சாஃப்ஹவுசன் நகர மருத்துவர் யோகான் யாக்கோப் வெப்ஃபர், மூளையில் குருதி கசிவதாலும் வாத நோய் உண்டாகிறது என்று நிறுவிய நூலில், வளையத்தை முழுமையாகச் சொற்களால் விவரித்தார். ஆனால் படம் வெளியிடவில்லை.

வில்லிஸின் பங்களிப்பு

குருதி உடல் முழுவதும் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி 1628 இல் நிறுவியிருந்தார். ஹார்வி போர்க்காலத்தில் மன்னருடன் ஆக்ஸ்போர்டில் தங்கியிருந்து, மெர்ட்டன் கல்லூரியின் தலைவராகவும் சிறிது காலம் இருந்தார். அவரது கருத்தை ஏற்றுக்கொண்டோர் ஆக்ஸ்போர்டில் பலர் இருந்தனர். குருதி ஓடும் பொருள் என்றால், மூளையின் அடியில் உள்ள வளையமும் வெறும் வடிவம் அன்று, ஓட்டத்திற்கான வழி என்ற நோக்கில் வில்லிஸ் அதனைப் பார்த்தார்.

ஒரு பக்கத்துக் கழுத்துத் தமனியில் நிறநீரைச் செலுத்தியபோது, அது அப்பக்கத்தோடு நின்றுவிடாமல் வளையத்தைக் கடந்து மறுபக்கத் தமனிகளுக்கும் சென்றதை வில்லிஸும் லோவரும் கண்டனர். நான்கு தமனிகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது இதனால் உறுதியாயிற்று.

இரண்டாவது சான்று ஒரு மனிதரின் உடலில் கிடைத்தது. வயிற்றில் ஏற்பட்ட கட்டியால் இறந்த ஒருவரின் மண்டையோட்டைத் திறந்தபோது, வலப்பக்கக் கழுத்துத் தமனி எலும்பு போலக் கெட்டிப்பட்டு ஏறத்தாழ முற்றிலும் அடைபட்டிருந்தது. மூளைக்குச் செல்லும் முதன்மை வழிகளில் ஒன்று அடைபட்ட நிலையிலும் அம்மனிதருக்கு வாத நோய் ஏற்பட்டதில்லை. காரணத்தைத் தேடிய வில்லிஸ், அதே பக்கத்து முள்ளெலும்புத் தமனி மறுபக்கத்தில் உள்ளதைப் போல் மூன்று மடங்கு பருத்திருந்ததைக் கண்டார். அடைபட்ட தமனியின் வேலையை மற்றத் தமனிகள் சிறிது சிறிதாக ஏற்றுக்கொண்டன என்றும், வளையத்தின் இணைப்பே அதற்கு வழி செய்தது என்றும் அவர் விளக்கினார். ஒரு வழி அடைபட்டாலும் மூளை பட்டினி கிடக்காதவாறு அமைந்த ஏற்பாடு என்பதே அவரது முடிவு.

ரென் வரைந்த மூளையின் அடிப்பகுதிப் படத்தில் வளையம் முழுமையாகவும் தெளிவாகவும் காட்டப்பட்டது. 18 ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்து உடற்கூற்றியலாளர் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் இவ்வளையத்தை வில்லிஸின் பெயரோடு சேர்த்துக் குறிப்பிட்டார். அதன் பின்னர் அப்பெயரே நிலைத்தது. முழுமையாக விவரித்த வெப்ஃபருக்கும், அறுத்த லோவருக்கும், வரைந்த ரென்னுக்கும் அப்பெயரில் இடமில்லை என்ற குறை இன்றும் சிலரால் எடுத்துக்காட்டப்படுகிறது. வளையத்தின் பயனைக் கண்டறிந்தவர் என்ற அளவில் வில்லிஸுக்கு அப்பெயர் பொருந்துவதாகப் பலரும் கருதுகின்றனர்.

மூளையும் நரம்பும் பற்றிய கருத்துகள்

மூளையிலிருந்து நேரடியாகப் புறப்படும் நரம்புகளை வில்லிஸ் வரிசைப்படுத்தினார். பண்டைய முறையில் ஏழு இணைகளாக இருந்த அவற்றை ஒன்பது மண்டையோட்டு நரம்பு இணைகளாகவும், முதல் முதுகுத்தண்டு நரம்பைப் பத்தாவதாகவும் எண்ணினார். முதுகுத்தண்டிலிருந்து மேலேறி மண்டையோட்டிற்குள் புகுந்து மீண்டும் வெளியேறும் துணை நரம்பையும் அவர் விவரித்தார். 1778 இல் செருமானிய உடற்கூற்றியலாளர் சாமுவேல் தாமஸ் சோமரிங் பன்னிரண்டு இணைகள் என்ற இன்றைய முறையை அளிக்கும் வரை வில்லிஸின் முறையே பெரிதும் வழக்கில் இருந்தது.

நினைவு, கற்பனை முதலிய ஆற்றல்கள் மூளையின் நடுவில் உள்ள அறைகளில் தங்கியிருப்பதாக இடைக்கால அறிஞர்கள் நம்பினர். வில்லிஸ் இதனை மறுத்தார். அவ்வறைகள் மூளை மடிவதால் உண்டாகும் வெற்றிடங்களே என்றும், ஆற்றல்கள் மூளையின் திசுவிலேயே உள்ளன என்றும் கூறினார். நினைவைப் பெருமூளையின் மடிப்புகளிலும், இதயத் துடிப்பு, மூச்சு போன்ற தன்னியக்கச் செயல்களைச் சிறுமூளையிலும் வைத்தார். மூளையின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு பணிகளைச் செய்கின்றன என்ற அடிப்படைக் கருத்து சரியானது. ஆனால் எப்பகுதிக்கு எப்பணி என்று அவர் கூறியவற்றுள் பல பிற்காலத்தில் தவறாயின.

லண்டன் வாழ்க்கை

கேன்டர்பரி பேராயர் கில்பர்ட் ஷெல்டனின் அழைப்பை ஏற்று வில்லிஸ் 1667 ஆம் ஆண்டில் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். முந்தைய ஆண்டு நடந்த பெருந்தீயினால் நகரின் பெரும்பகுதி அழிந்திருந்தது. புனித மார்ட்டின் சந்து என்ற தெருவில் மருத்துவம் பார்த்த இவர், குறுகிய காலத்தில் லண்டனின் மிகப் புகழ்பெற்ற மருத்துவர்களுள் ஒருவரானார். ஒரு காலத்தில் பகிர்ந்துகொண்ட குதிரையில் சந்தைக்குச் சென்றவர் பெருஞ்செல்வரானார். வருவாயில் ஒரு பகுதியை ஏழைகளுக்கு அளித்தார். பகலில் வேலைக்குச் செல்வோர் வழிபட வசதியாக, அதிகாலையிலும் மாலையிலும் கோயிலில் வழிபாடு நடத்த நிதி ஏற்படுத்தினார்.

1670 இல் மனைவி மேரி இறந்தார். 1672 இல் எலிசபெத் என்ற கைம்பெண்ணை வில்லிஸ் மறுமணம் செய்துகொண்டார்.

நோய்கள் பற்றிய விவரிப்புகள்

நோயாளிகளை நேரில் கண்டு எழுதுவதில் வில்லிஸ் தேர்ந்தவர். அவரது விவரிப்புகளில் சில இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

நீரிழிவு: நீரிழிவு நோயாளியின் சிறுநீர் தேன் கலந்தது போல் இனிக்கிறது என்று 1674 இல் எழுதினார். இந்திய மருத்துவ நூல்களில் இச்செய்தி மிகப் பழங்காலத்திலேயே உள்ளது. ஐரோப்பிய மருத்துவத்தில் இதனைப் பரவலாக அறியச் செய்தவர் வில்லிஸ் ஆவார்.

தசைச் சோர்வு நோய்: காலையில் நலமாக நடமாடி, பகல் ஏற ஏறத் தசைகள் வலுவிழந்து, நீண்ட நேரம் பேசினால் நாவும் அசையாமல் போன ஒரு பெண்ணைப் பற்றி 1672 இல் எழுதினார். இன்று மயஸ்தீனியா கிராவிஸ் என்று அறியப்படும் நோயின் முதல் விவரிப்பாக இது கருதப்படுகிறது.

தலைவலி: மெய்யியலாளர் ஆன் கான்வே சீமாட்டியின் தீராத தலைவலிக்கு வில்லிஸும் சிகிச்சை அளித்தார். தலைவலிக்கும் தலையின் குருதிக் குழாய்கள் விரிவதற்கும் தொடர்பு உண்டு என்று கருதினார்.

இசிவு நோய்: பெண்களுக்கு வரும் ஹிஸ்டீரியா கருப்பையினால் உண்டாகிறது என்ற பழைய நம்பிக்கையை மறுத்து, அது மூளை, நரம்பு சார்ந்தது என்றார்.

உணவுக்குழல் அடைப்பு: உணவை விழுங்க இயலாத ஒருவருக்குத் திமிங்கிலத் தாடையெலும்புக் கழியின் முனையில் பஞ்சு கட்டி, உணவை உள்ளே தள்ளும் கருவியைச் செய்து கொடுத்தார். அம்மனிதர் அதன் துணையால் பல ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார்.

விமர்சனங்கள்

டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்டென்சன் (ஸ்டெனோ) 1665 இல் பாரிஸ் நகரில் ஆற்றி, 1669 இல் வெளியிட்ட உரையில், மூளையைப் பற்றி அதுவரை வெளிவந்தவற்றுள் வில்லிஸின் படங்களே சிறந்தவை என்று ஏற்றுக்கொண்டார். ஆயினும் அவற்றிலும் பிழைகள் உள்ளதையும், மூளைப் பகுதிகளின் பணிகள் குறித்து வில்லிஸ் சான்றின்றி ஊகிப்பதையும் கண்டித்தார். இவ்விமர்சனம் பெரும்பாலும் நியாயமானது என்றே இன்று கருதப்படுகிறது.

குருதியிலிருந்து மூளை ஒருவகை நுண்ணிய ஆவியை வடித்தெடுத்து நரம்புகள் வழியாக அனுப்புகிறது என்று வில்லிஸ் நம்பினார். சிகிச்சையில் குருதி வடித்தல், பேதி மருந்து ஆகிய பழைய முறைகளையே பெரிதும் கையாண்டார். மனநோயாளிகளை அச்சுறுத்தவும் கட்டிப்போடவும் அடிக்கவும் பரிந்துரைத்தார் என்பது இவரது வாழ்வில் மறைக்க இயலாத குறையாகும். மூளையின் நோயாக மனநோயைக் கண்ட ஒருவரே இம்முறையைப் பரிந்துரைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

இன்றைய மருத்துவத்தில்

வில்லிஸ் வளையம் பாடநூல் படத்தில் உள்ளவாறு எல்லா மனிதரிடமும் முழுமையாக அமைவதில்லை. பலரிடம் இணைப்புத் தமனிகளுள் ஒன்று மிக மெல்லியதாகவோ இல்லாமலோ இருக்கும். ஒரே இடத்தில் ஒரே அளவு அடைப்பு ஏற்பட்ட இருவருள் ஒருவர் அறிகுறியின்றி வாழவும், மற்றவர் பக்கவாதத்தால் பாதிக்கப்படவும் இவ்வேறுபாடு ஒரு காரணமாகும். அடைப்பு மெல்ல மெல்ல உருவானால் மாற்று வழி பருக்க நேரம் கிடைக்கிறது. திடீரென ஏற்பட்டால் அந்நேரம் கிடைப்பதில்லை. வில்லிஸ் கண்ட மனிதரின் தமனி பல காலமாகக் கெட்டிப்பட்டு வந்ததே அவர் தப்பியதற்குக் காரணமாக இருக்கலாம்.

கழுத்துத் தமனியில் அறுவை மருத்துவம் செய்யும் முன் வளையத்தின் நிலையை அறிந்துகொள்வது பயனுள்ளது. தமனிச் சுவர் பலவீனமடைந்து குமிழ் போல் வீங்குவதும் இவ்வளையத்தின் கிளைகள் பிரியும் இடங்களில் மிகுதி. அக்குமிழ் வெடித்தால் மூளையைச் சுற்றிக் குருதி பெருகி உயிருக்கு ஆபத்து நேரும்.

வளையத்தைத் தவிர வேறு மாற்று வழிகளும் உள்ளன. வெளிக்கழுத்துத் தமனியின் கிளைகள் கண்குழியில் உட்கழுத்துத் தமனியின் கிளைகளோடு இணைகின்றன. மேல் கழுத்தில் பிடரித் தமனியும் முள்ளெலும்புத் தமனியும் சிறு கிளைகளால் தொடர்பு கொள்கின்றன. தொண்டைக்குப் பின்புறம் ஏறும் சிறிய தமனி ஒன்று மண்டையோட்டு அடித்தளத் துளைகள் வழியாக மூளையுறைக்கும் கீழ் மண்டையோட்டு நரம்புகளுக்கும் குருதி அளிக்கிறது. இயல்பான நிலையில் கவனத்திற்கு வராத இக்கிளைகள், பெரிய தமனி அடைபடும்போது முக்கியத்துவம் பெறுகின்றன. கட்டிகளுக்குக் குருதி செல்வதைத் தடுக்கத் தமனிக்குள் அடைப்புப் பொருள் செலுத்தும் மருத்துவர்கள், அது இவ்விணைப்புகள் வழியாக மூளைக்குச் சென்றுவிடாதபடி எச்சரிக்கையாக இருக்கவேண்டியுள்ளது.

மறைவும் நினைவும்

வில்லிஸ் 1675 ஆம் ஆண்டு நவம்பர் 11 அன்று லண்டனில் நுரையீரல் நோயினால் காலமானார். அப்போது அவருக்கு வயது 54. வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில், முதல் மனைவி மேரியின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

வில்லிஸின் பேரன் பிரவுன் வில்லிஸ் ஒரு தொல்பொருள் ஆய்வாளர். அவர் பக்கிங்காம்சயர் மாவட்டத்தின் ஃபென்னி ஸ்ட்ராட்ஃபர்டு என்ற ஊரில் பாட்டனாரின் நினைவாக ஒரு தேவாலயம் கட்டினார். அது 1730 இல் நிறைவுற்றது. வில்லிஸ் வாழ்ந்தது புனித மார்ட்டின் சந்து; இறந்த நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாள். இதனால் தேவாலயத்திற்கும் புனித மார்ட்டின் பெயரே சூட்டப்பட்டது. ஆண்டுதோறும் அந்நாளில் அங்கு ஆறு சிறு வெடிக்குழாய்களை முழங்கச் செய்யும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

எழுதிய நூல்கள்

1659 – நொதித்தல், காய்ச்சல், சிறுநீர் பற்றிய மருத்துவ ஆய்வுரைகள்
1664 – மூளையின் உடற்கூறு (செரிப்ரி அனட்டோமே)
1667 – மூளை நோய்களும் வலிப்பு நோய்களும் (பத்தாலஜியே செரிப்ரி)
1672 – விலங்குகளின் ஆன்மா (டி அனிமா புருட்டோரம்)
1674–1675 – அறிவுசார் மருந்தியல் (ஃபார்மசூட்டிசே ரேஷனாலிஸ்), இரண்டு பாகங்கள்

இந்நூல்கள் அனைத்தும் இலத்தீன் மொழியில் எழுதப்பட்டவை. சாமுவேல் போர்டேஜ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு வில்லிஸ் இறந்த பின்னர், 1680 களில் வெளியானது. நரம்பியல் என்பதற்கான நியூராலஜி என்ற சொல் ஆங்கிலத்தில் புகுந்தது அம்மொழிபெயர்ப்பின் வழியாகவே ஆகும்.